மூன்று நிமிடம்

நகரமன்றத்தில் என் வேலை விளக்கைப் பார்த்துக்கொள்வது.
பேச எழுந்தால் பச்சை.
முப்பது விநாடி மிச்சமென்றால் மஞ்சள்.
சிவந்ததும் உட்கார்ந்துவிட வேண்டும்,
வாக்கியம் எங்கே நின்றிருந்தாலும்.

அன்று அறுபத்தொரு பேர் பேசினார்கள்.
மூடிக் கிடக்கும் பௌலிங் கூடத்தின் வண்டி நிறுத்தத்தில்
மூன்று மாடி, எண்பத்து நான்கு வீடு,
கட்டுப்படியாகும் வாடகை.
கட்டுப்படி என்ற சொல்
வாய்க்கு வாய் வேறு தொகையாக இருந்தது.

வெர்னா ஸ்டாங்க் ஒரு வரைபடம் கொண்டுவந்தார்.
டிசம்பர் மாதம், பிற்பகல் மூன்று மணிக்கு
அவர் தோட்டத்துக் கண்ணாடிக் குடிலின்மேல்
விழப்போகும் நிழல்.
பென்சிலில், அளவு பிசகாமல், அழகாகவே இருந்தது.
டிசம்பரில் இந்தப் பசிபிக் ஓரத்தில்
வெயிலைக் கண்டவர் இல்லை.
அதை யாரும் சொல்லவில்லை.
அவர் கணவர் கடைசியாக உட்கார்ந்திருந்தது
அந்தக் குடிலில்தான்.

கிரெய்க் டோல்மன், நான்காம் இடத்துக்கு வேட்பாளர்:
"வீடே வேண்டாம் என்றா சொல்கிறேன்?
இங்கே வேண்டாம் என்கிறேன்."
கைதட்டல்.
லொரெய்ன் ஹஸ்கின்ஸ், அதே இடத்துக்கு அடுத்த வேட்பாளர்:
"இங்கே இல்லையென்றால் எங்கே என்று
அந்த இடத்தைக் காட்டுங்கள்."
அதற்கும் கைதட்டல். சில கைகள் இரண்டுக்கும் தட்டின.

கடைசியாக ரோசாலியோ பனியாகுவா,
நண்டு ஆலையின் இரவு ஷிப்டுக்குப் போகிற வழியில்,
ரப்பர் பூட்ஸோடு.
பச்சை முழுவதும் காகிதத்தை விரித்தார், மடித்தார்,
தொண்டையைச் செருமினார்.
மஞ்சளில் சொன்னார்:
"அந்தக் கூடத்துக்குப் பின்னால்தான் என் வேன் நிற்குது.
அதில்தான் தூங்குறேன்.
கட்ட ஆரம்பிச்சா நான்தான் முதல்ல கிளம்பணும்.
இருந்தாலும் கட்டுங்க."
சிவப்பு எரிய வேண்டிய நேரம்.
என் விரல் பொத்தான்மேல் சற்றுத் தாமதித்தது.
குறிப்பேட்டில் அது இல்லை.

நவம்பரில் எண்ணினோம்.
டோல்மன் ஆயிரத்து இருநூற்று ஆறு.
ஹஸ்கின்ஸ் ஆயிரத்து இருநூற்று ஆறு.
மறுபடி எண்ணினோம். எண்கள் அசையவில்லை.
சீட்டுக் குலுக்கு என்றது சட்டம்.
தீயணைப்பு நிலையத்திலிருந்து சாலட் கிண்ணம் ஒன்று
இரவல் வந்தது.
குடவோலை, ஆனால் குடம் பிளாஸ்டிக்,
அடியில் வெங்காய வாசம்.

முந்தின இரவு நான் தனியாக
திரும்பி வந்த உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.
நூற்று நாற்பத்து மூன்று.
மின்கட்டண ரசீது உங்களைத் தேடிக்கொண்டு
புது முகவரிக்கு வந்துவிடும்.
வாக்குச்சீட்டு வராது.
மஞ்சள் ஒட்டுத்தாளுடன் என்னிடம் திரும்பிவிடும்:
இங்கு இல்லை. இங்கு இல்லை.
ஆல்டர் தெரு பதினெட்டு, கீழ்த்தளம்,
இப்போது விடுமுறைக்காரர்களுக்கு நாள் வாடகை.
பியர்ஸ் சந்து நாற்பது,
விலைக்குப் போய், இடித்து, வேலி போட்டாயிற்று.
இதில் ஒரே ஒரு உறை
உரியவர் கைக்குப் போயிருந்தால்
கிண்ணம் தேவைப்பட்டிருக்காது.
எந்தப் பக்கம் விழுந்திருக்கும் என்று தெரியாது.
வாடகைக்காரன் என்றால் இப்படித்தான் போடுவான் என்று
நானே ஒரு கணம் நினைத்தேன்,
வெட்கமாக இருந்தது.

என் பெயரைத் தேட வேண்டியதில்லை.
மலைக்கு அந்தப் பக்கம், எழுபது நிமிடம்,
அங்கேதான் எனக்குக் கட்டுப்படியானது.
இந்த ஊரின் முத்திரையைக் குத்துகிறேன்,
இந்த ஊரில் எனக்கு வாக்கு இல்லை.

நீதிபதியின் மகள், எட்டு வயது,
கண்ணை மூடிக்கொண்டு கிண்ணத்தில் கை விட்டாள்.
ஹஸ்கின்ஸ்.
டோல்மன் எழுந்து போய்க் கை கொடுத்தார், உண்மையாகவே.
புதிய மன்றத்தின் முதல் தீர்மானம்:
வண்டி நிறுத்தம் குறித்து ஓர் ஆய்வு வேண்டும்,
எனவே மே மாதம் பார்க்கலாம்.
ஐந்துக்கு இரண்டு.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கூடத்தைத் தாண்டினேன்.
பின்னால் வேன். கண்ணாடியில் உள்ளிருந்து ஆவி,
யாரோ துடைத்த ஒரு கையகல இடம்.
முனையில் சிக்னல் பச்சைக்கு மாறியது.
எனக்குப் பின்னால் வண்டி எதுவும் இல்லை.
மஞ்சள் வரும்வரை
அப்படியே நின்றிருந்தேன்.